ஒஹாயோ ஸ்டேட் – நோட்டர் டேம் இறுதிப் போட்டி: முன்னோட்டமும் கணிப்புகளும்

அட்லாண்டாவாசி | 12 சனவரி 2025

அன்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று 12 அணிகளுக்கு விரிவாக்கப்பட்ட முதல் ஆண்டு இது. முதல் சுற்றில் ஆடாமலே காலிறுதிக்குத் தகுதி பெற்ற ஓரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் ஆகிய நான்கு அணிகளும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறிவிட்டன. ஏழாம் இடத்தில் வைக்கப்பட்ட நோட்டர் டேமும் எட்டாம் இடத்தில் வைக்கப்பட்ட ஒஹாயோ ஸ்டேட்டும் வரும் 20ஆம் தேதி திங்கட்கிழமை இரவு 7:30 மணிக்கு, எங்கள் ஊர் மெர்சிடிஸ் பென்ஸ் மைதானத்தில் பட்டத்துக்காக மோதுகின்றன.

ஒஹாயோ ஸ்டேட் டென்னஸியை 42–17, ஓரிகனை 41–21, டெக்சஸை 28–14 என்ற கணக்கில் வென்று வந்திருக்கிறது. நோட்டர் டேம் இண்டியானாவை 27–17, ஜார்ஜியாவை 23–10, பென் ஸ்டேட்டை 27–24 என்ற கணக்கில் வென்றிருக்கிறது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே இரு அணிகளின் இயல்பு தெரிந்துவிடும். ஒஹாயோ ஸ்டேட் முதல் கால்பகுதியிலேயே எதிரணியின் நம்பிக்கையைக் குலைக்கப் பார்க்கிறது. நோட்டர் டேமோ ஆட்டத்தைக் கடைசி ஐந்து நிமிடம் வரை இழுத்துச் சென்று, அங்கே எதிரணி தவறு செய்வதற்காகக் காத்திருக்கிறது.

ஆகவே, ஆட்டத்தின் வேகத்தை எந்த அணி தீர்மானிக்கிறதோ அந்த அணியே வெல்லும் என்பது என் கருத்து. 20 புள்ளிகளைச் சுற்றி முடியும் ஆட்டமானால் நோட்டர் டேமுக்கு நல்ல வாய்ப்பு உண்டு; 30ஐத் தாண்டும் ஆட்டமானால் அவர்களால் ஈடுகொடுக்க முடியாது. ஒஹாயோ ஸ்டேட் எட்டுப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயச் சந்தை மதிப்பிட்டிருக்கிறது. அது சற்று அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. என் கணிப்பு: ஒஹாயோ ஸ்டேட் 27, நோட்டர் டேம் 20. உங்கள் கணிப்பைக் காரணத்தோடு எழுதுங்கள்.

கொலம்பஸ்வாசி | 12 சனவரி 2025

நான் ஒஹாயோ ஸ்டேட்டில் படித்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்தக் கணிப்பை ஆட்டங்களைப் பார்த்தே சொல்கிறேன்.

இந்த அணியில் இருக்கும் மூத்த வீரர்களின் பட்டியலைப் பாருங்கள். எமேகா எக்புகா, ட்ரேவியன் ஹெண்டர்சன், ஜாக் சாயர், ஜே.டி. டுய்மோலோவ், டென்சல் பர்க், டைலிக் வில்லியம்ஸ், டானவன் ஜாக்சன் ஆகியோர் சென்ற ஆண்டே தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல்லுக்குப் போயிருக்கலாம். மிஷிகனை வெல்லாமலும் பட்டம் வாங்காமலும் போகக்கூடாது என்று இன்னோர் ஆண்டு தங்கினார்கள். அவர்களோடு கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து, தாக்குதலை வழிநடத்திப் பந்தை வீசும் குவாட்டர்பேக் வில் ஹவர்டும், ஓல் மிஸ்ஸிலிருந்து குவின்ஷான் ஜட்கின்ஸும், அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸும் வந்து சேர்ந்தார்கள். இந்த வீரர்களுக்காக ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவானதாக எங்கள் விளையாட்டுத் துறை இயக்குநரே சொல்லியிருக்கிறார். இப்படிச் சேர்த்த ஓர் அணி பட்டம் வெல்லாவிட்டால் அது தோல்வி ஆண்டாகவே கருதப்படும் என்பதை வீரர்களும் அறிவார்கள்.

நவம்பர் 30 அன்று மிஷிகனிடம் 13–10 எனத் தோற்றது இந்த அணியை உடைத்திருக்க வேண்டும். கொலம்பஸில் அந்த வாரம் நிலவிய கோபத்தை நேரில் பார்த்தவன் நான். பயிற்சியாளர் ரையன் டேயை நீக்க வேண்டும் என்று கடைவீதியில்கூடப் பேசினார்கள். அப்படியிருந்தும் மூன்று வாரங்களில் டென்னஸிக்கு எதிராக முதல் கால்பகுதியிலேயே 21–0 என்று முன்னிலை பெற்றார்கள். அதுவரை தோல்வியே காணாமல் வந்த ஓரிகனுக்கு எதிராக, காலிறுதியான ரோஸ் பவுலில் இரண்டாம் கால்பகுதி முடிவதற்குள் 34–0. முதல் ஆண்டு மாணவரான ஜெரமையா ஸ்மித் அன்று 7 பந்துகளைப் பிடித்து 187 யார்டுகள் எடுத்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அக்டோபர் 12 அன்று ஓரிகனிடம் 32–31 எனத் தோற்ற பிறகு எந்த அணியும் எங்களுக்கு எதிராக 21 புள்ளிகளைத் தாண்டவில்லை. இரு அணிகளும் பொதுவாகச் சந்தித்த எதிரணிகளில் இரண்டைப் பாருங்கள். இண்டியானாவை நாங்கள் 38–15 என வென்றோம், அவர்கள் 27–17. பென் ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 20–13 என வென்றோம். அவர்கள் பொது மைதானத்தில் கடைசி ஏழு நொடிகள் இருக்கும்போது அடித்த ஃபீல்டு கோலால் (கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளிகள்) தப்பினார்கள்.

என் கணிப்பு: ஒஹாயோ ஸ்டேட் 35, நோட்டர் டேம் 17.

தங்கத்தலைக்கவசம் | 13 சனவரி 2025

கொலம்பஸ்வாசி அவர்கள் அடுக்கிய எண்கள் அனைத்தும் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து அவர் வந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

பொது எதிரணிகளை வைத்து ஒப்பிடுவது நியாயமாகத் தோன்றினாலும், இண்டியானா ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த 27–17 எவ்வளவு ஏமாற்றும் எண் என்பது தெரியும். கடைசி ஒன்றரை நிமிடத்தில்தான் இண்டியானா இரண்டு டச்டவுன்களை (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்வது) எடுத்தது. அதற்கு முன் 27–3 என்றுதான் இருந்தது. எங்கள் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஜெரமையா லவ் 98 யார்டு ஓடி எடுத்த டச்டவுனோடு அந்த ஆட்டத்தின் போக்கு முடிவாகிவிட்டது.

ஜார்ஜியாவுக்கு எதிரான சுகர் பவுல் ஆட்டத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் மார்க்கஸ் ஃப்ரீமன் எத்தகைய பயிற்சியாளர் என்பது அங்கேதான் விளங்குகிறது. முதல் பாதி முடியும் தறுவாயில் ஒரு ஃபீல்டு கோல். அடுத்து ஜார்ஜியாவின் குவாட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டுக் கைப்பற்றி, போ காலின்ஸுக்கு வீசிய ஒரு டச்டவுன். இரண்டாம் பாதியின் தொடக்க உதையை ஜேடன் ஹாரிசன் பிடித்து 98 யார்டு ஓடி இன்னொரு டச்டவுன். ஆட்டக் கடிகாரத்தில் வெறும் 54 நொடிகளில் 17 புள்ளிகள். பிறகு கடைசிக் கால்பகுதியில், தங்கள் 18 யார்டுக் கோட்டில் நான்காவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி) ஒரு யார்டு தேவைப்பட்டபோது, பந்தை உதைத்துவிடும் பன்ட் அணியை முதலில் நிறுத்தி, சட்டென்று பதினொரு பேரையும் வெளியே அழைத்துத் தாக்குதல் அணியை உள்ளே ஓடவிட்டார். குழம்பிப்போன ஜார்ஜியா, பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன்பே எல்லை தாண்டிவிட, நோட்டர் டேமுக்குப் புதிய முதல் டவுன் கிடைத்தது. அந்த இடத்தில் பந்தை இழந்திருந்தால் ஆட்டமே கைமாறியிருக்கும். அதைத் துணிந்து செய்வதற்குப் பயிற்சியும் நெஞ்சுரமும் வேண்டும்.

செப்டம்பர் 7 அன்று நார்தர்ன் இலினாயிடம் சொந்த மைதானத்திலேயே 16–14 எனத் தோற்ற பிறகு தொடர்ச்சியாக 13 வெற்றிகள். இத்தனை ஆட்டங்களாகத் தோற்றால் வெளியேற்றம் என்ற நிலையிலேயே ஆடி வந்த அணி இது. பெரிய மேடையைக் கண்டு மிரளாது.

என் கணிப்பு: நோட்டர் டேம் 24, ஒஹாயோ ஸ்டேட் 23.

கோவைக் காலைப்பொழுது | 14 சனவரி 2025

எனக்கு இந்த ஆட்டத்தோடு நான்கு ஆண்டுப் பழக்கம்தான். இந்திய நேரப்படி 21ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு ஆட்டம் தொடங்குவதால், அலுவலகம் செல்வதற்கு முன் பெரும்பகுதியைப் பார்த்துவிட முடியும் என்று காத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. நோட்டர் டேம் ஆளுக்கு ஆள் காக்கும் முறையை அதிகம் ஆடுகிறது என்றும், அதுவே இந்தப் போட்டியின் முடிச்சு என்றும் பல வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள். டெக்சஸ் ஆட்டத்தில் ஜெரமையா ஸ்மித் ஒரே ஒரு பந்தைத்தான் பிடித்தார், அதுவும் 3 யார்டுக்கு. அப்படியானால் டெக்சஸ் செய்ததையே நோட்டர் டேமும் செய்துவிட முடியாதா? மிஷிகன் அண்ணா இருந்தால் விளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அணிதான் ஒஹாயோ ஸ்டேட்டைக் கடைசியாக வென்றது.

ஆன் ஆர்பர் அன்பன் | 14 சனவரி 2025

தம்பியின் கேள்வி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது.

ஆளுக்கு ஆள் முறையில், பந்தைப் பிடிக்க ஓடும் ஒவ்வொரு ரிசீவரையும் ஒரு தற்காப்பு வீரர் தனியாகப் பின்தொடர்வார். ஆழத்தில் ஒரு சேஃப்டி மட்டும் பொதுக்காவலாக நிற்பார். இதனால் மிச்சப்படும் வீரர்களைக் கொண்டு குவாட்டர்பேக்கை நெருக்கலாம், ஓட்டத்தையும் தடுக்கலாம். நோட்டர் டேமின் தற்காப்புப் பொறுப்பாளர் ஆல் கோல்டன் வகுத்த இந்த முறை பென் ஸ்டேட்டுக்கு எதிராக எப்படி வேலை செய்தது என்றால், பென் ஸ்டேட்டின் ஓரத்தில் நிற்கும் வைடு ரிசீவர்கள் அந்த ஆட்டம் முழுவதிலும் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. பிடித்ததெல்லாம் முன்வரிசையை ஒட்டி நிற்கும் டைட் எண்டும் ரன்னிங் பேக்குகளும்தான். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் பென் ஸ்டேட் குவாட்டர்பேக் ட்ரூ ஆலர் அழுத்தம் தாங்காமல் வீசிய பந்தை நோட்டர் டேமின் கிறிஸ்டியன் கிரே தாழப் பாய்ந்து பிடித்தார். வெற்றிக்கான ஃபீல்டு கோல் அங்கிருந்துதான் பிறந்தது.

டெக்சஸ் செய்தது வேறு. அவர்கள் ஸ்மித்தின் பக்கமே இரண்டாவது ஆளையும் சாய்த்து வைத்தார்கள். ஸ்மித்தை மறைத்துவிட்டார்கள், ஆனால் அதற்கு விலை கொடுத்தார்கள்: ஹவர்ட் பெரும்பாலும் மற்றவர்களுக்கே வீசி மொத்தம் 289 யார்டுகள் எடுத்தார். முதல் பாதி முடிய அரை நிமிடமே இருந்தபோது ஹெண்டர்சனுக்குக் கொடுத்த குறுகிய ஸ்கிரீன் பந்து 75 யார்டு டச்டவுனாகியது. எக்புகா, கார்னல் டேட், ஹெண்டர்சன், ஜட்கின்ஸ் என்று நான்கு பேர் காத்திருக்கும்போது ஒருவருக்கு இருவரை ஒதுக்குவது எளிதன்று.

நோட்டர் டேமின் சிக்கல் என்னவென்றால், அவர்களின் மிகச் சிறந்த கார்னரான (ரிசீவரைக் காக்கும் ஓரக் காவலர்) பெஞ்சமின் மாரிசன் அக்டோபரிலேயே இடுப்புக் காயத்தால் விலகிவிட்டார். அவர் இடத்தில் ஆடும் லெனர்ட் மூர் முதல் ஆண்டு மாணவர். ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகவே ஆடுகிறார். ஆனால் ஸ்மித்தைப் போன்ற உயரமும் வேகமும் கைப்பிடியும் ஒருசேர அமைந்த ஒருவரை அவர் இந்த ஆண்டு சந்தித்ததில்லை.

இப்போது மிஷிகன் ஆட்டத்துக்கு வருகிறேன். எங்கள் அணி அன்று பெரும் தந்திரம் எதையும் செய்யவில்லை. மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் நடுவில் மலைபோல் நின்றார்கள்; ஒஹாயோ ஸ்டேட் திரும்பத் திரும்ப அவர்கள் மீதே ஓடி வந்து முட்டிக்கொண்டது. 26 ஓட்டங்களில் 77 யார்டுகள்தான் கிடைத்தன. எங்கள் கார்னர் வில் ஜான்சன் ஆடவே இல்லை என்று தெரிந்தும், வெளியே ஸ்மித்தும் எக்புகாவும் நின்றும், பந்தை அங்கே வீசாமல் நடுவே ஓடினார்கள். தோல்வி பயம் ஒரு பயிற்சியாளரை எவ்வளவு சுருக்கிவிடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிளேஆஃப் தொடங்கியதிலிருந்து தாக்குதல் பொறுப்பாளர் சிப் கெல்லி எடுத்த எடுப்பிலேயே வெளிப்பக்கம் வீசுகிறார். ஆகவே என் கேள்வி நோட்டர் டேம் என்ன செய்யும் என்பதல்ல; ஆட்டம் 10–10 என்று இருக்கும்போது ஒஹாயோ ஸ்டேட் மறுபடியும் நவம்பர் 30ஆகச் சுருங்குமா என்பதுதான்.

கொலம்பஸ்வாசி | 15 சனவரி 2025

அண்ணா சொன்னதில் ஒரு கூடுதல் விவரத்தைச் சேர்க்க வேண்டும். அந்த ஆட்டத்தில் எங்கள் முன்வரிசை அப்போதுதான் ஒட்டுப்போடப்பட்டிருந்தது. அதன் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரில் ஓரிகன் ஆட்டத்தில் காயமடைந்து பருவத்தையே இழந்தார். நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாக்லின் நவம்பரில் பயிற்சியின்போது குதிகால் தசைநாண் அறுந்து விலகினார். இவர்களுக்கு இடையே கார்டாக ஆடிவந்த டானவன் ஜாக்சன் டாக்கிளுக்கு நகர்ந்தார். பழக்கமில்லாத இடம் அது. அதற்குப் பிறகு அவர் ஆட்டத்துக்கு ஆட்டம் தேறியிருப்பதை டென்னஸிக்கும் ஓரிகனுக்கும் எதிராகப் பார்த்தோம்.

பயத்தைப் பற்றி: டெக்சஸுக்கு எதிராக 14–14 என்று இருந்தபோது, அவர்களின் 34 யார்டுக் கோட்டில் நான்காவது டவுன், இரண்டு யார்டு தேவை. பயந்த அணியானால் ஃபீல்டு கோலுக்குப் போயிருக்கும். டே போகவில்லை. ஹவர்ட் பந்தோடு நடுவே புகுந்து, தடைகள் ஏதுமின்றித் திறந்த வெளியில் தானே கால் தடுமாறி விழும்வரை 18 யார்டுகள் ஓடினார். அடுத்த சில முயற்சிகளில் ஜட்கின்ஸ் டச்டவுன் எடுத்தார். பிறகு டெக்சஸ் எங்கள் ஒரு யார்டுக் கோட்டுக்கே வந்து நின்றும் நான்கு முயற்சிகளில் நுழைய முடியவில்லை. நான்காவது முயற்சியில் சாயர் தன் முன்னாள் அறைத்தோழரும் டெக்சஸின் குவாட்டர்பேக்குமான குவின் யூவர்ஸின் கையிலிருந்தே பந்தைத் தட்டி எடுத்து 83 யார்டு ஓடினார். இது நவம்பர் 30இல் ஆடிய அணியன்று.

மேலும், பென் ஸ்டேட்டின் ஓட்ட ஆட்டம் நோட்டர் டேமுக்கு எதிராக 200 யார்டுகளைத் தாண்டியது. நிக்கலஸ் சிங்கிள்டன் மூன்று டச்டவுன்கள் எடுத்தார். தற்காப்பு முன்வரிசையின் நடுத்தூணான ரைலி மில்ஸ் இண்டியானா ஆட்டத்தில் முழங்கால் காயத்தால் விலகியதன் விளைவு அது. வெளியே ஸ்மித்தைக் காக்க ஆள் ஒதுக்கினால் உள்ளே ஹெண்டர்சனும் ஜட்கின்ஸும் ஓடுவார்கள்.

தங்கத்தலைக்கவசம் | 16 சனவரி 2025

காயங்களைப் பற்றிப் பேசினால் எங்கள் பக்கம் பட்டியல் இன்னும் நீளும். லெஃப்ட் டாக்கிளாக ஆடிய முதல் ஆண்டு மாணவர் ஆந்தனி நாப், பென் ஸ்டேட் ஆட்டத்தில் கணுக்காலில் அடிபட்டு இறுதிப் போட்டியை இழக்கிறார். ஆகஸ்டில் காயமடைந்து ஏறக்குறைய பருவம் முழுவதும் வெளியே இருந்த சார்ல்ஸ் ஜகூசா, அன்றைய ஆட்டத்தில் அவசரத்துக்குக் கார்டாக இறங்கினார். அவரோ டாஷ் பேக்கரோ இனி சாயரையும் டுய்மோலோவையும் எதிர்கொள்ள வேண்டும். எனக்கு உண்மையான கவலை இந்த ஓர் இடத்தில்தான்.

ஆனால் அந்தக் கவலைக்கு மருந்து எங்கள் குவாட்டர்பேக் ரைலி லெனர்டின் கால்களில் இருக்கிறது. அவர் ஆழமாக வீசி ஆட்டத்தை வெல்லும் குவாட்டர்பேக் அல்லர். பென் ஸ்டேட்டுக்கு எதிராக இரண்டு இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சுகள்) கொடுத்தார். தலையில் அடிபட்டு முதல் பாதியின் இறுதியில் வெளியே போனார். திரும்பி வந்து வென்று கொடுத்தார். மூன்றாவது டவுனில் மூன்று, நான்கு யார்டுகள் தேவைப்படும்போது அவர் தானே பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவார் என்று அரங்கமே அறிந்திருக்கும். இருந்தும் பெரும்பாலும் தடுக்க முடிவதில்லை. குவாட்டர்பேக் ஓடும்போது தாக்குதல் அணிக்கு ஒரு தடுப்பாளர் கூடுதலாகக் கிடைப்பதே அதற்குக் காரணம். ஒஹாயோ ஸ்டேட்டின் விளிம்பு வீரர்கள் குவாட்டர்பேக்கை நோக்கி வேகமாகப் பாய்கிறவர்கள். பாய்ந்து வருபவரைத் தாண்டவிட்டு, அவர் விட்டுச்சென்ற இடைவெளியில் லெனர்ட் ஓட வேண்டும்.

நான் எதிர்பார்ப்பது இதுதான்: முதல் முறை பந்து கிடைக்கும்போதே நோட்டர் டேம் ஏழு, எட்டு நிமிடங்களை விழுங்கும் நீண்ட நகர்வு ஒன்றைத் தொடுக்கும். ஹவர்டும் ஸ்மித்தும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எங்களுக்கு ஆதாயம். டென்னஸியும் ஓரிகனும் செய்யத் தவறியது அதைத்தான். பந்தைச் சீக்கிரம் சீக்கிரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தற்காப்பு மூச்சு வாங்குவதற்குள் இருபது புள்ளிகள் பின்தங்கிவிட்டார்கள்.

லவின் முழங்கால் முழுமையாகக் குணமாகவில்லை என்பது தெரிகிறது. இருப்பினும் பென் ஸ்டேட்டுக்கு எதிரான அவருடைய இரண்டு யார்டு டச்டவுனைப் பார்த்தவர்கள் அவரைக் கணக்கிலிருந்து நீக்க மாட்டார்கள். பின்னால் ஒருவர் காலைப் பிடித்துத் தொங்க, முன்னால் இருவர் இடிக்க, அவர் விழாமல் கையை நீட்டிப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தார்.

கோவைக் காலைப்பொழுது | 16 சனவரி 2025

விளக்கங்களுக்கு நன்றி அண்ணா. நான்காவது டவுனை இதுவரை கபடியில் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய ரெய்டு போலத்தான் பார்த்து வந்தேன். ஆளைக் குழப்பும் கருவியாகவும் அது பயன்படும் என்பது சுகர் பவுல் கதையிலிருந்துதான் புரிகிறது.

2023இல் இந்த இரு அணிகளும் மோதியபோது நோட்டர் டேம் பத்துப் பேரோடு நின்றதாகப் படித்தேன். அது உண்மையா? ஃப்ரீமனின் கணக்கு ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக எப்படி இருக்கிறது?

அட்லாண்டாவாசி | 17 சனவரி 2025

உண்மைதான். சவுத் பெண்டில் நடந்த அந்த ஆட்டத்தில் நோட்டர் டேம் 14–10 என முன்னிலையில் இருந்தது. ஒரு யார்டுக் கோட்டில் கடைசி இரண்டு முயற்சிகளின்போதும் தற்காப்பில் பத்துப் பேரே நின்றார்கள். ஒரு நொடி மிச்சமிருக்கும்போது ஒஹாயோ ஸ்டேட் உள்ளே நுழைந்து 17–14 என வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு கொலம்பஸில் 21–10. ஆக, தாம் படித்து லைன்பேக்கராக ஆடிய பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஃப்ரீமன் இரண்டு முறையும் தோற்றிருக்கிறார். மொத்தக் கணக்கு ஒஹாயோ ஸ்டேட்டுக்குச் சாதகமாக 6–2. நோட்டர் டேமின் இரு வெற்றிகளும் 1935இலும் 1936இலும் கிடைத்தவை.

ஆனால் அந்தப் பத்துப் பேர் நிகழ்ச்சியையும் ஜார்ஜியாவுக்கு எதிராகப் பதினொரு பேரை ஒரே நேரத்தில் மாற்றியதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தன் அணி எங்கே தடுமாறியதோ அதே துறையில், ஆள் மாற்றத்தில், பதினைந்து மாதங்களில் எதிரணியைத் தடுமாறச் செய்யும் அளவுக்கு ஒரு பயிற்சியாளர் வளர்ந்திருக்கிறார். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஊர்க்காரன் என்ற முறையில் மைதானத்தைப் பற்றியும் சொல்கிறேன். கூரை மூடக்கூடிய அரங்கம், செயற்கைப் புல்தரை. ஆகவே சனவரிக் குளிரோ காற்றோ ஆட்டத்தைப் பாதிக்காது. இது வேகமான ரிசீவர்களைக் கொண்ட ஒஹாயோ ஸ்டேட்டுக்குச் சாதகம். நோட்டர் டேம் அக்டோபர் 19 அன்று இதே அரங்கில் ஜார்ஜியா டெக்கை 31–13 என வென்றது. இடம் அவர்களுக்குப் புதிதன்று. உதையைப் பொறுத்தவரை நான் நோட்டர் டேமின் மிச் ஜெட்டரையே நம்புவேன். சுகர் பவுலில் மூன்று ஃபீல்டு கோல்கள், பென் ஸ்டேட்டுக்கு எதிரான ஆரஞ்சு பவுலில் வெற்றி உதை. ஒஹாயோ ஸ்டேட்டின் ஜேடன் ஃபீல்டிங் மிஷிகன் ஆட்டத்தில் இரண்டு எளிய உதைகளைத் தவறவிட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

போட்டி நடக்கும் 20ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாள். அவர் பிறந்த ஊர் இது. இந்தப் பட்டத்துக்கான ஆட்டத்தில் தலைமைப் பயிற்சியாளராக நிற்கும் முதல் கறுப்பினத்தவர் ஃப்ரீமன். அவருடைய தாயார் கொரியர். யார் வென்றாலும் அன்றிரவு இந்நகரில் அது பேசப்படும், பேசப்பட வேண்டும்.

ஆன் ஆர்பர் அன்பன் | 18 சனவரி 2025

என் கணிப்பை எழுதிவிடுகிறேன். ஒஹாயோ ஸ்டேட்டை ஆதரித்து எழுதுவது மிஷிகன்காரனுக்கு எளிதன்று. ஆயினும் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை.

தங்கத்தலைக்கவசம் எதிர்பார்க்கும் நீண்ட முதல் நகர்வு நடக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் லெனர்ட் ஒரு நகர்வில் எட்டு முறை ஓடினால், அடுத்த நகர்வில் அவருக்கு மூச்சு இருக்காது. ஒரு குவாட்டர்பேக்கை ரன்னிங் பேக்காகவும் பயன்படுத்துவது முதல் பாதியில் வரமாகவும் மூன்றாம் கால்பகுதியில் சுமையாகவும் ஆகும். ஒஹாயோ ஸ்டேட்டின் தற்காப்புப் பொறுப்பாளர் ஜிம் நோல்ஸ் முதல் நகர்வைப் பார்த்துத் திருத்திக்கொள்ளக்கூடியவர். அக்டோபர் ஓரிகன் ஆட்டத்துக்கும் ரோஸ் பவுலுக்கும் இடையே அவர் தற்காப்பை எந்த அளவுக்கு மாற்றினார் என்பதே அதற்குச் சான்று. சேஃப்டி கேலப் டவுன்ஸை ஓர் இடத்தில் கட்டிப்போடாமல் ஒவ்வொரு முயற்சிக்கும் நகர்த்துவதால், பந்தை வீசுவதா ஓடுவதா என்று குவாட்டர்பேக் முன்கூட்டியே முடிவு செய்ய முடிவதில்லை.

மற்றொன்று, ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே கோல்டன் ஸ்மித்துக்கு இரட்டைக் காவல் போட்டால், பழக்கமான முறையை விட்டு விலகியதாகும். பழைய முறையிலேயே நின்றால் மூர் தனியாக மாட்டிக்கொள்வார். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் இழப்பு உண்டு. சேவியர் வாட்ஸ் போன்ற சேஃப்டி ஒருவர் பின்னால் இருப்பதால் அந்த இழப்பு குறையலாம். யூஎஸ்சிக்கு எதிராகக் கிறிஸ்டியன் கிரே 99 யார்டும் வாட்ஸ் 100 யார்டும் இன்டர்செப்ஷனைத் திருப்பி ஓடிய அணி இது. ஹவர்ட் சோம்பேறித்தனமாக ஒரு பந்தை வீசினாலும் ஏழு புள்ளிகள் கைமாறும். டெக்சஸுக்கு எதிராகவும் மிஷிகனுக்கு எதிராகவும் அவர் அப்படி வீசியிருக்கிறார்.

ஒஹாயோ ஸ்டேட் 30, நோட்டர் டேம் 21. வென்றால், 2007இல் எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட்) பிறகு இரண்டு தோல்விகளோடு பட்டம் வெல்லும் முதல் அணி அவர்கள்தான்.

தங்கத்தலைக்கவசம் | 19 சனவரி 2025

அண்ணா சொன்ன மூன்றாம் கால்பகுதிச் சோர்வு நியாயமான அச்சம். அதனால்தான் ரன்னிங் பேக் ஜடேரியன் பிரைஸும் ரிசீவர் ஜேடன் கிரேட்ஹவுஸும் இந்த ஆட்டத்தில் முக்கியமாகிறார்கள். பென் ஸ்டேட்டுக்கு எதிராகக் கிரேட்ஹவுஸ் 105 யார்டுகள் எடுத்தார். 54 யார்டு டச்டவுனில் காவலர் சறுக்கி விழ, மற்றொருவரை ஏமாற்றித் தாண்டிச் சென்றார். ஒஹாயோ ஸ்டேட்டின் கார்னர்களான பர்க்கும் இக்பினோசனும் லெனர்டின் ஓட்டத்தைத் தடுக்க உள்ளே பார்க்கத் தொடங்கும் நேரத்தில் அவருக்கு ஆழமாக இரண்டு பந்துகள் போனால் ஆட்டம் திறந்துகொள்ளும்.

1988க்குப் பிறகு எங்களுக்குப் பட்டமில்லை. 2012 பருவத்தின் இறுதிப் போட்டியில் அலபாமாவிடம் 42–14 எனச் சிதறியதைப் பார்த்தவர்கள், இந்த ஆண்டு அணி அப்படிச் சிதறும் வகையைச் சேர்ந்ததன்று என்பதை உணர்வார்கள். என் கணிப்பில் மாற்றமில்லை: நோட்டர் டேம் 24, ஒஹாயோ ஸ்டேட் 23, கடைசி உதை ஜெட்டருடையது.

அட்லாண்டாவாசி | 20 சனவரி 2025

ஆட்டம் இன்றிரவு. இந்த எட்டு நாட்களில் படித்தவற்றை வைத்து என் எண்ணைச் சற்று உயர்த்துகிறேன்: ஒஹாயோ ஸ்டேட் 31, நோட்டர் டேம் 20. ஸ்மித்தைக் காப்பது பற்றி அண்ணா எழுதியதற்கு நோட்டர் டேம் தரப்பிலிருந்து முழுமையான விடை வரவில்லை என்பதே காரணம்.

கோவைத் தம்பிக்கு ஒரு வார்த்தை: ஒஹாயோ ஸ்டேட்டின் கையில் பந்து வரும்போது, ஸ்னாப்புக்கு முன் குவாட்டர்பேக்கைப் பார்க்காமல் 4ஆம் எண் சட்டை அணிந்த ஸ்மித் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். அவருக்கு எதிரே ஒருவர் மட்டும் நெருங்கி நின்று, சேஃப்டி நடு மைதானத்தில் இருந்தால், ஹவர்ட் அந்தப் பக்கம் ஆழமாக வீசப்போகிறார். சேஃப்டி அவர் பக்கம் சாய்ந்து நின்றால் பந்து ஹெண்டர்சனுக்கோ ஜட்கின்ஸுக்கோ போகும். முதல் இரண்டு நகர்வுகளிலேயே கோல்டன் எதைத் தேர்ந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். கால் மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு நீங்களே எங்களுக்குச் சொல்லலாம்.